எடைக்கல் யாருடையது? நந்தன் கதையும் தமிழ் விமர்சனச் சொற்களும்



இந்த நினைவுரை யாருடைய பெயரால் நடக்கிறதோ, அந்த அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பள்ளிக்கூட வேலை முடிந்து சாயங்காலம் நமது படிப்பு வட்டத்துக்கு வரும்போது, பத்திரிகையில் வந்த ஒரு நூல் மதிப்புரையையோ பட விமர்சனத்தையோ வெட்டி எடுத்து வருவார். அதில் சில சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பார். 'மண்வாசனை', ஒரு வட்டம். 'பிரச்சார நெடி', ஒரு வட்டம். 'சாதியைத் தாண்டி', ஒரு வட்டம். படம் எப்படி, புத்தகம் எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. "இந்தச் சொல் யார் வீட்டுச் சொல்? இதைச் சொல்கிறவர் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்?" என்றுதான் கேட்பார்.

கடந்த ஆண்டு நமது வட்டத்து மாணவி ஒருவர் சாதியும் தமிழ் சினிமாவும் குறித்து முதுகலை ஆய்வேடு எழுதினார். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். வாய்மொழித் தேர்வில் அவருக்குச் சொல்லப்பட்டது இது: "விஷயமெல்லாம் சரி. ஆனால் இது ஆய்வு மொழி இல்லை. கோபத்தில் எழுதியிருக்கிறாய். திறனாய்வுச் சொற்களைப் பயன்படுத்து." அவர் நம்மிடம் வந்து கேட்டார்: "எந்தச் சொல்லுல எழுதுனா ஒத்துக்குவாங்க தோழர்?" அன்று நம்மிடம் பதில் இல்லை. இந்த உரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நூலையோ படத்தையோ மதிப்பிடத் தமிழில் நாம் எடுக்கும் சொற்கள் பொதுச் சொத்தாகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சபையில், சிலர் உள்ளே உட்கார்ந்திருக்க, பலர் வாசலில் நிற்க, உருவானது. வாசலில் நின்றவர்களின் கதையை அந்தச் சொற்கள் எப்படி எடை போட்டன என்று பார்த்தால் எடைக்கல் யாருடையது என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்ப்பதற்கு நந்தன் கதையைவிடப் பொருத்தமான கதை நமக்கு இல்லை. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ச் சமூகம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லால் எடை போட்டிருக்கிறது.

அவையும் வாசலும்

விமர்சனம், திறனாய்வு ஆகிய இரண்டும் இன்று நாம் வழங்கும் பொருளில் இருபதாம் நூற்றாண்டுச் சொற்கள். அதற்கு முன்பு நூலுக்கு அரங்கேற்றம் இருந்தது. புலவர் அவையடக்கம் சொல்வார். பெரியவர்கள் சிறப்புப்பாயிரம் தருவார்கள், சாற்றுகவி பாடுவார்கள். இந்தச் சொற்களுக்கெல்லாம் நடுவே இருப்பது 'அவை'. தொல்காப்பியத்தின் மரபியல், வழக்கு என்பது உயர்ந்தோரின் வழக்கே என்று வரையறுக்கிறது. அவையில் சொல்லத் தகாததற்கு 'அவையல் கிளவி' என்ற பெயரையும் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. உயர்ந்தோர் என்றால் கற்றோர் என்று விளக்கம் சொல்லலாம். கற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பது அடுத்த கேள்வி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் கதையைச் சொல்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தன். கோயில் முழவுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். தோலும் நரம்பும் கோயிலுக்குள் போயின. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியதால் வெளியே நின்றபடியே பார்க்க முடிந்தது. தில்லையிலோ தீக்குள் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. இந்தத் தீயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். 1860களின் தொடக்கத்தில் அது அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை பாரதியார் கதைக்குள் கொண்டு வந்தார். அவர்தான் நிலவுடைமை வேதியர். சிதம்பரம் போக நந்தன் அவரிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். வயல் வேலை முடியாமல் போகக் கூடாது என்கிறார் வேதியர். அதாவது பக்தன் பண்ணையாள் ஆனார். அன்றைய தஞ்சை மண்ணின் பண்ணையடிமை முறை கீர்த்தனைக்குள் வந்துவிட்டது.

அன்றைய விமர்சனம் இதை எப்படி எதிர்கொண்டது? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சாற்றுகவி கேட்டார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளையவர்கள் தயங்கினார், நாள் கடத்தினார். பின்னர் ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிச் சாற்றுகவி தந்தார். உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ள செய்தி இது. பிள்ளையவர்களைக் குறை சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. தயங்கியதையும் ஒளிக்காதவர், உருகியதையும் ஒளிக்காதவர் அவர். ஆனால் அவர் கையில் இருந்த சொற்களைக் கவனியுங்கள். மறுப்பதற்கு 'பிழை' இருந்தது. ஏற்பதற்கு 'உருக்கம்' இருந்தது. அனுமதி கேட்டு நிற்கும் ஒரு பண்ணையாளைப் பற்றிப் பேச அந்த அவையில் சொல்லே இல்லை.

வேஷமும் யதார்த்தமும்

அந்தச் சொல்லை உருவாக்கியவர் அவைக்கு வெளியிலிருந்து வந்தார். 1907 ஜூன் 19 அன்று சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் அதில் எழுதினார்.

பண்டிதர் செய்ததை நாம் வரலாறு என்றும் சமயம் என்றும் படிக்கிறோம். அது விமர்சனமும்தான். பெரியபுராணத்து நந்தனை அவர் ஏற்கவில்லை. அவருடைய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் ஒரு பௌத்த அரசன். சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். இதை வரலாற்று ஆதாரமாகக் கொள்ளலாமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கட்டும். அவர் கேள்வியை மாற்றினார் என்பதே இங்கே முக்கியம். பாட்டில் பிழை உண்டா, கேட்டால் மனம் உருகுமா என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் கதையை யார் எழுதினார், எழுதியதால் யாருக்கு லாபம் என்று கேட்டார்.

அவர் தந்த சொல்லிணை ஒன்றை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. அவர் வேஷ பிராமணர் என்றும் யதார்த்த பிராமணர் என்றும் பிரித்து எழுதினார். அவரிடத்தில் 'யதார்த்தம்' என்பது வேஷத்துக்கு எதிர்ச்சொல். வேஷம் கலைந்தபின் தெரிவது யதார்த்தம். பிற்காலத்துத் தமிழ் விமர்சனத்தில் அதே சொல் வேறு வேலைக்குப் போனது. உள்ளதை உள்ளபடி காட்டுவது யதார்த்தம் என்றானது. குடிசை குடிசையாகத் தெரிந்தால், வட்டார வழக்கில் பேசினால் யதார்த்தம். உள்ளது ஏன் இப்படி உள்ளது என்ற கேள்வி அந்தச் சொல்லிலிருந்து கழன்றுகொண்டது. 'பறையர்' என்பதையும் பண்டிதர் 'பறைதல்' என்ற வினையிலிருந்து விளக்கினார். வேஷத்தை வெளிப்படையாகப் பறைந்தவர்கள் என்பது அவர் தந்த பொருள். எடுத்துச் சொல்பவரே விமர்சகர் என்றால், அவர் விளக்கத்தின்படி நம் பெயரே விமர்சகர் என்ற பொருளைத் தருகிறது.

பண்டிதரின் எழுத்துகள் தொகுக்கப்பட்டு 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற பெயரில் ஞான.அலாய்சியஸ் பதிப்பில் வெளிவந்தது 1999இல். அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து. தமிழ் விமர்சனம் தன் சொற்களைத் திரட்டிக்கொண்ட காலம் முழுவதும் அவருடைய சொற்கள் பழைய இதழ்களுக்குள் கிடந்தன.

ரசனை, உருவம், இழிசினர்

அந்த இடைவெளியில் வந்த சொற்களைப் பார்ப்போம். முதலில் 'ரசனை'. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' தமிழ்க் கவிதையை அனுபவிக்கக் கற்றுத்தந்தது என்பார்கள். உண்மைதான். கவிதையைப் பண்டிதரின் பதவுரையிலிருந்து விடுவித்தது அது. ஆனால் ரசனைக்கு ஓய்வு வேண்டும், உட்கார இடம் வேண்டும், கூட உட்காரும் ஆட்கள் வேண்டும். வயலில் நிற்கும் நந்தனுக்கு இவற்றில் எது இருந்தது?

இதே காலத்தில் நந்தன் திரைக்கு வந்தார். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டு படங்களுக்கும் நடுவே, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தோழர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். தெருவில் நந்தன் தீயில் இறங்காமலே உள்ளே போய்விட்டான். இருந்தும் அந்தப் படங்கள் இன்றுவரை பேசப்படுவது பாட்டுக்காக, குரலுக்காக. மீண்டும் உருக்கம்தான் எடைக்கல்.

எழுத்தில் ஒருவர் வேறுவிதமாகக் கேட்டார். புதுமைப்பித்தன் 1934இல் 'புதிய நந்தன்' கதையை எழுதினார். காந்தியும் சுயமரியாதையும் ஆதனூருக்கு வந்துவிட்டால் நந்தன் கதை எப்படி முடியும் என்பது அதன் கேள்வி. நெருப்புக்குப் பதில் அங்கே ரயில் வருகிறது. மூன்று பேர் சாகிறார்கள். இவர்களில் யார் நந்தன் என்று கேட்டுவிட்டுக் கதை நிற்கிறது. கதைக்குள்ளேயே ஒரு விமர்சனம் இருந்தது. விமர்சகர்கள் அதைப் பின்தொடரவில்லை.

1959இல் சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அவரும் க.நா.சுப்ரமண்யமும் தமிழ் விமரிசனத்துக்கு ஒரு கருவிப்பெட்டி தந்தார்கள்: உருவம், உள்ளடக்கம், உத்தி, படிமம், தரம். இவற்றை இன்று நாமும் பயன்படுத்துகிறோம். பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் 'தரம்' என்ற சொல்லைக் கையில் எடுக்கும்போது கவனம் வேண்டும். ஆளின் தராதரம் பார்த்துத் திண்ணையில் இடம் கொடுத்த ஊரில், 'கீழ்த்தரம்' என்பது வசவாக இருக்கும் மொழியில், இலக்கியத் தரம் மட்டும் சாதியின் வாடை இல்லாமல் தனியே நின்றுவிடாது. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே போகப் போக மரியாதையும் கீழே வர வர இகழ்ச்சியும் கூடும் ஏணி அது. நம் மதிப்பீட்டுச் சொற்களும் அதே ஏணியில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இது நம் கற்பனை என்று நினைப்பவர்கள் 1960களின் இலங்கையைப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து டொமினிக் ஜீவா, கே.டானியல் போன்றோர் எழுத வந்தார்கள். தம் மக்களின் பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டு வந்தார்கள். மரபுப் பண்டிதர்கள் அதை 'இழிசினர் வழக்கு' என்றார்கள். சபையில் தயங்கித் தயங்கிச் சொல்லும் வேலை இல்லை, நேரடியாகவே சொன்னார்கள். புறநானூற்றில் கட்டில் பின்னுகிறவரையும் பறையடிப்பவரையும் குறித்த சொல் 'இழிசினன்'. அந்தத் தொழில் செய்தவர்களின் பெயர், ஈராயிரம் ஆண்டு கழித்து, ஒரு மொழிநடைக்கான விமர்சனச் சொல்லாகத் திரும்பி வந்தது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் முற்போக்கு எழுத்தாளர் பக்கம் நின்று வாதாடினார்கள். ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். நமக்குக் கிடைத்த பதில்களில் வலுவானவை அந்த இதழும் அந்த நாவலும்தான்.

தமிழகத்தில் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. இங்கே நாகரிகமான சொற்கள் இருந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நாவல் பண்ணையாரின் கொடுமைக்கான வேரை அவருடைய ஆண்மைக்குறையில் தேடியது. 'உளவியல்' என்ற சொல் அங்கே காவலுக்கு வந்தது. கூலியும் சாதியும் பின்னுக்குப் போய் ஆழ்மனம் முன்னுக்கு வந்தது. இடதுசாரிகள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். அதே ஆசிரியர் பின்னர் எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் நந்தன் எரிவது அற்புதமாக அல்ல, சூழ்ச்சியால் நடக்கும் கொலையாக வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு படைப்பைக் குறை சொன்னதற்காக ஆளையே ஒதுக்கிவிடுவது நம் முறையாக இருக்கக் கூடாது.

நம் சொற்கள் வந்தபோது

அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில் நிலைமை மாறியது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்திருந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இலும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இலும் வந்தன. 'நிறப்பிரிகை' போன்ற இதழ்கள் விவாதத்தைத் திறந்தன. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதினார். 'பண்பாடு' என்ற சொல்லை இன்றைய பொருளில் வழங்கியவர் டி.கே.சி. என்று சொல்வது வழக்கம். வட்டத்தொட்டியிலிருந்து வந்த சொல்லின் முன்னால் ராஜ் கௌதமன் 'தலித்' என்று எழுதினார். பண்பாடு என்று பொதுவாகச் சொல்லப்பட்டது யாருடைய பண்பாடு என்ற கேள்வி அந்த ஒரு சொல்லாலேயே எழுந்துவிட்டது.

'கருக்கு' வந்தபோது கேட்ட கேள்விகளை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இது நாவலா, சுயசரிதையா? இந்தக் கொச்சையை எப்படிப் படிப்பது? மகாவித்துவான் காலத்து 'பிழை' புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. மராத்தியில் சரண்குமார் லிம்பாலே தலித் இலக்கியத்துக்கு வேறு அழகியல் வேண்டும் என்று வாதிட்டதும் இதே பத்தாண்டுகளில்தான். சமத்துவம், விடுதலை, சகோதரத்துவம் ஆகியவற்றின் பக்கம் வாசகரை நகர்த்துகிறதா என்பதும் அழகியல் கேள்விதான் என்றார் அவர்.

நம் பக்கத்துத் தவறுகளையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும். 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் குடும்பத்தின் பாடுகளைச் சொல்லி, ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையைக் காட்டியபோது, நம்மிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. சிவகாமி தலித் தலைவரின் ஆணாதிக்கத்தை எழுதியபோது நம்மவர்களுக்கே கசந்தது. 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லை நாம் விமர்சனச் சொல்லாகப் பயன்படுத்தினோம். அதுவும் ஒரு வாசற்கதவுதான், இந்த முறை நாம் போட்டது. சிவகாமி தன் முதல் நாவலைத் தானே திரும்பிப் பார்த்து 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். தன் எழுத்தைத் தானே விசாரிக்கும் அந்த நேர்மை நம் விமர்சனத்துக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

திரையில் வைத்த பெயர்கள்

சினிமாவுக்கு வருவோம். 1992இல் 'தேவர் மகன்', 'சின்னக் கவுண்டர்', 1993இல் 'எஜமான்', 1994இல் 'நாட்டாமை'. தலைப்பிலேயே சாதியோ சாதி தந்த அதிகாரமோ இருந்தது. இவற்றுக்கு வைத்த வகைப்பெயர் என்ன? 'கிராமத்துப் படம்', 'குடும்பப் படம்', 'மண்வாசனை'. 'தேவர் மகன்' அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. 2014இல் 'மெட்ராஸ்', 2016இல் 'கபாலி', 2018இல் 'காலா', 'பரியேறும் பெருமாள்', 2021இல் 'கர்ணன்' வந்தன. இவற்றின் தலைப்பில் சாதி இல்லை. ஆனால் வகைப்பெயர் 'சாதிப் படம்', கொஞ்சம் நாசூக்காகச் சொன்னால் 'தலித் சினிமா'. அவர்கள் வாழ்ந்தால் அது கிராமம், நாம் வாழ்ந்தால் அது சாதி. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கவே ஓர் ஆய்வேடு தேவைப்படும்.

'பரியேறும் பெருமாள்' வந்தபோது நம் காதில் அதிகம் விழுந்த பாராட்டு 'நிதானம்'. 'கர்ணன்' வந்தபோது அதிகம் விழுந்த குறை 'வன்முறை'. இரண்டையும் எடுத்தவர் ஒரே இயக்குநர்தான். முதல் படத்தில் நாயகன் பேசிப் புரியவைக்க முயல்கிறான், இரண்டாவதில் திருப்பி அடிக்கிறான். திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி இவற்றைப் பற்றி எழுதுவதுபோலத் தொடங்கி, விமர்சனம் கடைசியில் நாயகனுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதுவதில் முடிந்தது.

'பிரச்சாரம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். நாட்டாமையின் தீர்ப்பே தர்மம் என்று இரண்டரை மணி நேரம் சொன்னால் அது கதை. நிலம் யாருடையது என்று ஒருவன் இரண்டு நிமிடம் பேசினால் அது பிரச்சாரம். ஊரே ஒத்துக்கொண்ட கருத்து காதில் விழாது. ஊர் மறுக்கும் கருத்து மட்டுமே சத்தமாகக் கேட்கும். சத்தம் எங்கே இருக்கிறது என்பது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

தீக்குழியாகும் பாராட்டு

வசவுச் சொற்களை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். ஆபத்து பாராட்டில் இருக்கிறது. அண்ணன் கடைசிக் காலத்தில் அதிகம் வட்டமிட்டவை பாராட்டுச் சொற்கள்தான். 'சாதியைத் தாண்டி நிற்கும் படைப்பு.' 'தலித் எழுத்து என்ற எல்லையைக் கடந்து மானுட உன்னதத்தைத் தொடுகிறது.'

இப்போது தில்லைத் தீக்குத் திரும்புவோம். நந்தன் நந்தனாக உள்ளே போக முடியாது. எரிந்து, வேறொரு உடம்போடு வந்தால் போகலாம். 'தாண்டி', 'கடந்து' என்ற பாராட்டும் அதே தீதான். உன் கதை நன்றாக இருக்கிறது, ஆகவே அது உன்னுடையது இல்லை, மானுடத்துடையது என்கிறது. ஆதிக்க சாதிக் குடும்பத்தின் கதையை நன்றாக எழுதியவரிடம் சாதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவர் தாண்ட வேண்டியதே இல்லை, பிறந்த இடத்திலேயே மானுடம் இருக்கிறது. தீ நமக்கு மட்டும்தான் மூட்டப்படுகிறது.

இன்னொரு பாராட்டும் உண்டு. 'வலி.' 'ரத்தமும் சதையுமான வாழ்க்கை.' 'அசலான குரல்.' இதை நம் சுவரொட்டிகளிலேயே நாம் அச்சடித்திருக்கிறோம். இது திருப்புன்கூர் நந்தி போல. கொஞ்சம் விலகி நின்று பார்க்க வழிவிடும், உள்ளே விடாது. வலியைச் சொன்னால் கண்ணீர் விடுவார்கள். கலை என்ற பேச்சு வந்தால் வேறு வரிசைக்கு அனுப்புவார்கள்.

இதற்கு எதிராக நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? தொல்காப்பியம் உயர்ந்தோரின் வழக்கைத்தான் வழக்கு என்றது. ஆனால் அதே நூலில் நமக்குப் பயன்படும் கருவியும் இருக்கிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. விமர்சனம் இந்த எட்டில் நமக்கு ஒதுக்கியவை இரண்டு, அழுகையும் இளிவரலும். மற்றவற்றை எடுத்தால் பெயர் மாறிவிடுகிறது. நாம் பெருமிதம் காட்டினால் அது 'சாதிப் பெருமை'. வெகுளி காட்டினால் 'வன்முறை'. நகை கண்ணில் படுவதே இல்லை.

வெகுளி எதனால் பிறக்கிறது என்று மெய்ப்பாட்டியல் சொல்வதைப் பாருங்கள். உறுப்பை அறுத்தல், குடியை அழித்தல், அடித்தல், கொலை. இந்த நான்கில் நம் சேரிகள் காணாதது எது? ஆகவே அந்த மாணவிக்கு முதல் பதில் இது: உன் ஆய்வேட்டில் இருப்பது வெறும் கோபம் இல்லை அம்மா, அது வெகுளி. தமிழின் மிகப் பழைய திறனாய்வுச் சொற்களில் ஒன்று. காரணத்தோடு வரும் வெகுளிக்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. காரணத்தை எழுது, சான்றை எழுது, காட்சியைக் காட்டி எழுது. கோபத்தை அழிக்காதே.

நகைக்கு மெய்ப்பாட்டியல் சொல்லும் முதல் காரணம் எள்ளல். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' முழுவதும் ஓடுவது எள்ளல்தான், தன்னையும் விடாத எள்ளல். பாமாவின் 'கிசும்புக்காரன்' என்ற தலைப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு பற்றி எழுதப்பட்டது எவ்வளவு, வலி பற்றி எழுதப்பட்டது எவ்வளவு என்று மாணவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உருவத்தையும் உத்தியையும் விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காட்சிக்கோணம், படத்தொகுப்பு, கதைசொல்லி, படிமம் எல்லாவற்றையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி தெரியாமல் கோபப்பட்டால் நம்மை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். கற்றுக்கொண்டு, அவற்றோடு இந்தக் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா யார் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் 'ஒரு பெண்', 'கூலியாள்' என்று மட்டும் வருகிறார்கள்? யாருடைய உழைப்பு காட்டப்படாமல் போகிறது? நம் பெண்கள் பேசுகிறார்களா, நாம் அவர்களுக்காகப் பேசுகிறோமா? எது வேஷம், எது பண்டிதர் சொன்ன யதார்த்தம்?

2024இல் இரா.சரவணன் இயக்கத்தில் ஒரு படம் வந்தது. பெயர் 'நந்தன்'. தனித்தொகுதியான ஊராட்சியில் ஆதிக்க சாதியினர் கைப்பாவையாகத் தலைவராக்கும் ஒருவனின் கதை. எட்டு நூற்றாண்டு கழித்தும் நந்தன் வாசலில்தான் நிற்கிறான். கோயில் வாசலுக்குப் பதில் ஊராட்சி அலுவலக வாசல், நாற்காலிக்கு எதிரே. இந்தப் படத்தில் குறைகள் உண்டு, நிறைகளும் உண்டு. அவற்றை எந்தச் சொற்களால் பேசப்போகிறோம் என்பதே நம் முன் இருக்கும் வேலை.

அண்ணன் வெட்டி வைத்த தாள்கள் ஒரு கோப்பில் நம் படிப்பு வட்டத்தில் இருக்கின்றன. சிவப்பு மை சில இடங்களில் மங்கிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு விமர்சனத்தை வெட்டி எடுத்து வாருங்கள். நமக்கு எதிரானவர் எழுதியது ஒன்று, நம்மவர் எழுதியது ஒன்று, முடிந்தால் நீங்களே எழுதியது ஒன்று. பேனாவை வட்டத்தில் தருகிறோம்.

ஜெய்பீம்.